தனிக்குரலும் கூட்டுக்குரலும்

கலைஞன் ஒருவன் தன்னைத் தாங்கி நின்ற குழுவை விட்டு விலகித் தனித்துப் பாட முற்படுவானாயின், அவன் மக்களை விட்டும் விலகிவிட்டான் என்று கொள்ளலாமா? முற்போக்குக் கலை பற்றிப் பேசுவோர் மத்தியில் இக்கேள்வி பல வடிவங்களில் எழுந்து வந்திருக்கிறது. 'தனிமனிதக் குரல்' என்ற சொற்றொடரையே வசைச்சொல்லாகக் கையாள்வோர் சிலர். தனித்து ஒலிக்கும் குரலே உண்மையான குரல் என்று சாதிப்போர் வேறு சிலர். இவ்வழக்கை வெறும் வாதத்தினால் தீர்த்துவிட முடியாது. குறித்ததொரு படைப்பை எடுத்துக்கொண்டு, அது ஏன் தனிக்குரலாயிற்று, அதனால் அது பெற்றது யாது, இழந்தது யாது என்று நோக்குவதே தக்க வழி. அமெரிக்க றொக் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்டீன் 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட 'த கோஸ்ற் ஒவ் டொம் ஜோட்' (டொம் ஜோட்டின் ஆவி) என்னும் இசைத்தட்டு இத்தகைய ஆய்வுக்குப் பெரிதும் ஏற்றது.

றொக் இசை என்றதும் அதனை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆயின் அது அடிப்படையில் ஒரு கூட்டுக்கலை என்பதை நாம் மறந்துவிடலாகாது. முரசும் கிற்றாரும் பியானோவும் சக்சபோனும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, அவற்றின் மேல் எழுவதே பாடகனின் குரல். 1949இல் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்த ஸ்பிறிங்ஸ்டீன், கம்பள ஆலையிலும் மோட்டார் தொழிற்சாலையிலும் மாறி மாறி வேலை பார்த்த ஒரு தந்தையின் மகன். 1973இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அவரது புகழ், 'ஈ ஸ்ரீற்' என்னும் பக்கவாத்தியக் குழுவோடு பிரிக்க முடியாதபடி இணைந்தே வளர்ந்தது. 1989இல் அக்குழுவை அவர் கலைத்தார். 1995இன் தொடக்கத்தில் சில பாடல்களுக்காக மீண்டும் ஒன்றுகூடினாராயினும், அதே ஆண்டின் இறுதியில் அவர் மக்கள் முன் வைத்தது பெரும்பாலும் ஒற்றைக் கிற்றாரும் மௌத் ஓர்கனும் தாழ்ந்த குரலுமாக அமைந்த பன்னிரண்டு பாடல்களையே. சிலவற்றில் ஒரு சிறு குழு அடக்கமாகத் துணைநிற்கிறது. நாற்பத்தாறு வயதில், விளையாட்டரங்குகளை நிரப்பிய ஒரு பாடகர் இவ்வாறு குரலைத் தாழ்த்தியது ஏன்?

இதற்கான விடையை அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றிலேயே தேட வேண்டும். 1984இல் வெளியான 'போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.' என்ற இசைத்தட்டு கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. அதன் தலைப்புப் பாடல், வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து, வேலையின்றிப் புறக்கணிக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் கசந்த கூற்றாகும். ஆயின் முரசதிர, வெற்றி முழக்கமாக எழுந்த அதன் இசையோ கேட்போர் கையிற் கொடியைக் கொடுத்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி நியூ ஜேர்சியின் ஹமன்ரன் நகரில் தேர்தற் பிரசாரம் செய்த ஜனாதிபதி றொனால்ட் றேகன், அமெரிக்காவின் எதிர்காலம் ஸ்பிறிங்ஸ்டீனின் பாடல்கள் கூறும் நம்பிக்கைச் செய்தியிலே தங்கியிருப்பதாகப் பேசினார். தொழிற்சங்கங்களை நொறுக்கிய ஆட்சியின் தலைவர், தொழிலாளியின் முறையீட்டைத் தமது வெற்றிப் பாட்டாக ஏற்றுக்கொண்டார். இதனை அவரது அறியாமை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. உள்ளடக்கம் எதிர்ப்பாகவும் உருவம் கொண்டாட்டமாகவும் அமைந்துவிட்ட படைப்பில், எதிரி உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். உருவமும் உள்ளடக்கமும் பற்றிய நமது விமரிசகர் விவாதங்களுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

சில நாட்களின் பின் பிற்ஸ்பேர்க் நகர மேடையில், ஜனாதிபதி தமது இசைத்தட்டுக்களில் எதனைத்தான் கேட்டிருப்பார் என ஐயம் தெரிவித்த ஸ்பிறிங்ஸ்டீன், 'நெப்ராஸ்கா'வாக அது இருக்க முடியாது என்று கூறிவிட்டு, வேலையிழந்து கொலைகாரனான ஒரு மோட்டார்த் தொழிலாளியைப் பற்றிய பாடலை அதிலிருந்து பாடினார். 1982இல் வந்த அந்த 'நெப்ராஸ்கா'வும் தனிக்குரலே. குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரியாகத் தம் வீட்டில், நான்கு தடங்கள் கொண்ட சாதாரண ஒலிப்பதிவுக் கருவியில் அவர் அதனைப் பதிவுசெய்திருந்தார். குழுவோடு சேர்ந்து பாடிப் பார்த்தபோது பாடல்களின் உயிர் போய்விட்டதாக உணர்ந்து, அந்த நாடாவில் இருந்தபடியே வெளியிட்டார். எனவே 1995இன் தனிமை ஒரு திடீர் மனமாற்றமன்று. சொல்லை ஒலியிடமிருந்து காப்பாற்றுவதற்கு அவர் முன்னரே கண்டுகொண்ட வழி அது. அந்த இசைத்தட்டைத் தொடர்ந்த சுற்றுப்பயணத்திலே, சிறிய அரங்குகளிற் தனியாக நின்று பாடிய அவர், கூச்சலிடாது அமைதியாக இருக்குமாறு சபையோரைக் கேட்டுக்கொண்டார். ஆரவாரத்தால் வாழ்ந்த ஒருவர் அமைதியைக் கேட்டதில் ஒரு சுயவிமரிசனம் அடங்கியிருந்தது.

இனி, பாடல்களின் இயல்பை நோக்குவோம். சங்க இலக்கியம் பயின்றோர் 'கூற்று' என்னும் மரபை நன்கறிவர். புலவன் தன் பெயரால் பேசாது, தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ நின்று பேசுவான். அவன் மறைந்து நிற்குமளவிற்குப் பாத்திரம் உயிர்பெறும். ஸ்பிறிங்ஸ்டீனின் இப்பாடல்களிற் பலவும் கூற்றுக்களே. சிறையிலிருந்து மீண்டு நேர்வழியில் வாழ முயல்பவன், மெக்சிக்கோ எல்லையில் குடியேறிகளைத் தடுக்கும் காவலன், சரக்கு இரயில்களில் ஒளிந்து வேலை தேடித் திரிபவன் என ஒவ்வொருவரும் தம் வாயாலேயே பேசுகின்றனர். ஏனையவற்றிற் கதைசொல்லி ஒதுங்கி நின்று நடந்ததை மட்டும் உரைக்கிறான். 'சினலோவா கௌபோய்ஸ்' என்ற பாடலில் வரும் மெக்சிக்கச் சகோதரர் இருவர், கலிபோர்னியாவின் தோட்டங்களில் ஓராண்டு உழைத்துப் பெறுவதிற் பாதியைப் பத்து மணிநேர வேலையிலே பெறலாம் என்பதற்காகப் போதைமருந்து காய்ச்சப் போகின்றனர். கொட்டில் வெடித்துத் தம்பி இறக்கிறான். தமையன், பணத்தைப் புதைத்து வைத்த குழியைத் தோண்டி அதை எடுத்துவிட்டு, அக்குழியிலேயே தம்பியைக் கிடத்துகிறான். இங்கு பாடகர் அழுவதுமில்லை, போதிப்பதுமில்லை. உழைப்பின் விலை என்னவென்பதை அந்தக் குழியே சொல்லிவிடுகிறது. முரசும் சக்சபோனும் புகுந்திருந்தால் இக்காட்சி சிதைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். கோடீசுவரரான ஒருவர், பெவேர்லி ஹில்ஸ் போன்ற செல்வர் குடியிருப்பில் அமைந்த தமது வீட்டில் ஒலிப்பதிவு செய்துகொண்டு, கூலிக்காரனின் குரலில் பேசுவது போலியன்றோ? இவ்வாட்சேபத்தை அலட்சியம் செய்ய நான் விரும்பவில்லை. எனினும், கலைஞனது செல்வநிலையைக் கொண்டே அவனது கலையை அளப்பது மார்க்சியமன்று, அதன் கேலிச்சித்திரம். 1888 ஏப்பிரலில் மார்கிறற் ஹாக்னெஸ் என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு ஏங்கெல்ஸ் எழுதிய புகழ்பெற்ற கடிதம் நமக்கு வழிகாட்டும். அரசியலில் முடியாட்சிவாதியாக இருந்த பல்சாக், தமது அனுதாபங்களுக்கு மாறாகவே தாம் விரும்பிய பிரபுகுலத்தின் வீழ்ச்சியைக் கண்டு எழுதினார் என்பதை அதில் ஏங்கெல்ஸ் வியந்து போற்றினார். ஆகவே, படைப்பாளி எங்கு குடியிருக்கிறார் என்பதிலும் பார்க்க, படைப்பு எதனைக் காண்கிறது, எதனைக் காணத் தவறுகிறது என்பதே நமது கேள்வியாதல் வேண்டும். இக்கேள்வியைத் தொடுத்தாற் புகழ்ச்சியோடு நாம் நின்றுவிட முடியாது.

இசைத்தட்டின் சிறந்த பாடல்களுள் ஒன்று 'யங்ஸ்டவுண்'. ஒஹாயோ மாநிலத்தின் அந்த உருக்கு நகரைப் பற்றி டேல் மஹரிட்ஜ் எழுத, மைக்கல் வில்லியம்சன் படமெடுத்து 1985இல் வெளிவந்த 'ஜேர்ணி ரு நோவெயர்' என்ற நூலைப் படித்து அவர் இதனை எழுதினார். 1803இல் ஓர் ஓடைக்கரையில் இரும்புத்தாது கண்டெடுக்கப்பட்டதிலிருந்து கதை தொடங்குகிறது. நாட்டின் போர்களுக்கெல்லாம் வேண்டிய உருக்கு அங்கே வார்க்கப்பட்டதும், அவ்வார்ப்புத் தொழிலாளரின் பிள்ளைகளே கொரியாவிலும் வியட்நாமிலும் மாண்டதும், இறுதியில் ஆலைகள் மூடப்பட்டதும் ஒரு தொழிலாளியின் வாயால் கூறப்படுகின்றன. ஊதுலையைத் தொழிலாளர் பெண்ணின் பெயரிட்டு 'ஜெனி' என்று அழைத்தனர். அவன் அவளை நோக்கியே பேசுகிறான். தன்னை உருக்கிச் செல்வம் குவித்தவர்கள் தன் பெயரையும் மறந்துவிட்டனர் என்ற அவனது குற்றச்சாட்டு, மூலதனத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கேயாகும். 1996 ஜனவரியில் அதே யங்ஸ்டவுண் நகர மண்டபத்தில் நின்று அவர் இதனைப் பாடினார்.

ஆயின் அந்நகரின் வரலாற்றை அறிந்த ஒருவர் இப்பாடலிற் பெரியதொரு வெற்றிடத்தைக் காண்பார். 1977 செப்டெம்பர் 19ஆந் திகதி, கம்பெல் ஆலை மூடப்படுமென்ற அறிவித்தல் வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேரின் வேலை பறிபோயிற்று. 'கறுப்புத் திங்கள்' என்று அந்நாள் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. அதன் பின் யங்ஸ்டவுண் மக்கள் ஊதுலையை நோக்கிப் புலம்பிக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. தொழிலாளரும் பல திருச்சபைகளின் குருமாரும் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தனர். ஆலையை ஊர்மக்களே வாங்கி நடத்தலாம் என்று திட்டம் வகுத்தனர்; அதற்கென மக்களிடம் சேமிப்புத் திரட்டினர். வேண்டிய கடனுக்குப் பொறுப்புநிற்கக் காட்டர் ஆட்சி 1979இல் மறுத்துவிட்டது. 1980 ஜனவரியில் தொழிலாளர், யூ.எஸ். ஸ்ரீல் நிறுவனத்தின் யங்ஸ்டவுண் அலுவலகத்துள் புகுந்து அதனைச் சிறிது நேரம் தம் வசப்படுத்தினர். போராட்டம் தோற்றது உண்மை. ஆனால், ஆலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அமெரிக்க மண்ணில் உரத்து எழுப்பிய போராட்டம் அது. பாடலில் அதற்கு ஒரு வரியேனும் இடமில்லை. அங்கு நாம் காண்பது இழந்தவனை, எதிர்த்தவனையன்று.

இது தற்செயலாயின் நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 'கல்வஸ்ரன் பே' என்ற பாடலிலும் இதுவே நிகழ்கிறது. வியட்நாமிலிருந்து அகதியாக வந்து ரெக்சாஸ் கடலில் இறால் பிடிக்கும் ஒருவனை, அவனைப் போலவே மீன்பிடித்து வாழும் வெள்ளையன் ஒருவன் கொல்ல எண்ணிக் கத்தியோடு இருளிற் காத்திருக்கிறான். பின்னர் கத்தியைப் பைக்குள் வைத்துவிட்டு அவனைப் போகவிடுகிறான். தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிடும் இனவெறியை, மனம் மாறிய ஒரு கணத்திற் கடந்துசெல்லும் இப்பாடல் நெஞ்சைத் தொடுவது. எனினும், அக்கடற்கரையிற் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் அட்டூழியத்தை உண்மையில் நிறுத்தியது தனியொருவரின் இரக்கமா? வியட்நாமிய மீனவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, அச்சுறுத்தல்களுக்கு நடுவே நீதிமன்றஞ் சென்று, 1981இற் கிளானுக்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றார்கள். பாடலில் அச்சங்கம் இல்லை. அகதியின் வாழ்வு வெள்ளையனின் கருணையிலேயே தங்கிவிடுகிறது.

தலைப்புப் பாடலுக்கு வருவோம். ஜோன் ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய 'த கிறேப்ஸ் ஒவ் றாத்' நாவலின் நாயகனே டொம் ஜோட். மறு ஆண்டில் ஜோன் போர்ட் அதனைத் திரைப்படமாக்கினார். அதே ஆண்டில் வுடி கத்றி என்ற மக்கட் பாடகர் அக்கதையை ஒரு நாட்டுப்பாடலாக்கினார். நாவலில் டொம் தன் தாயிடம் விடைபெறும் பேச்சு உலகப் பிரசித்தம். ஒடுக்கப்பட்டோர் எழுந்து நிற்கும் இடமெல்லாம் தான் இருப்பான் என்பதே அதன் சாரம். ஆனால் அப்பேச்சு வெறுமனே பிறந்துவிடவில்லை. பழத்தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய முன்னாட் போதகர் கேசி, டொம்மின் கண் முன்னே அடித்துக் கொல்லப்படுகிறார். அந்த இரத்தமே டொம்மைப் பேச வைக்கிறது. ஸ்பிறிங்ஸ்டீனின் பாடலில் டொம்மின் பேச்சு இருக்கிறது. அதனைப் பிறப்பித்த வேலைநிறுத்தம் இல்லை. பாலத்தின் கீழ் வீடற்றோர் நெருப்பருகே குந்தியிருந்து, ஓர் ஆவியின் வருகைக்காகக் காத்திருக்கின்றனர். தொழிலாளி வர்க்கத்தின் கூட்டுணர்வு இங்கே செத்துப்போன ஒன்றின் ஆவியாகிவிட்டது.

மார்கிறற் ஹாக்னெஸுக்கு எழுதிய அதே கடிதத்தில் ஏங்கெல்ஸ் கூறிய குறையும் இதுவே. அவரது நாவலில் தொழிலாளர், தமக்குத் தாமே உதவ முடியாத செயலற்ற ஒரு திரளாகவே தோன்றுகின்றனர். விடுதலைக்கு அவர்கள் செய்யும் முயற்சிகளுக்கும் யதார்த்தத்தில் இடமுண்டு என்பதே அவரது கருத்து. இலண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் அக்காலத்தில் உண்மையிலேயே செயலற்றிருந்தனர் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளத் தவறவில்லை. ஆனால் வரலாறு விரைந்து பதில் சொல்லிற்று. கடிதம் எழுதிய அதே ஆண்டு ஜூலையில், அதே கிழக்கு இலண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அடுத்த ஆண்டு துறைமுகத் தொழிலாளர் எழுந்தனர்.

"1995இன் அமெரிக்காவில் தொழிலாளர் இயக்கம் தளர்ந்து போயிருந்தது; ஆவியைத்தான் பாட முடியும்; அதுவே யதார்த்தம்" என்று ஸ்பிறிங்ஸ்டீனுக்காக வாதிடுவோர் இருக்கலாம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆலைகள் மூடியதும் சங்கங்கள் சிதைந்ததும் மறுக்க முடியாதவை. ஆயினும் அவர் இப்பாடல்களைப் பதிவுசெய்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே, அவர் வீட்டிற்கு அண்மையிலுள்ள செஞ்சரி சிற்றியில், 1990 ஜூன் 15ஆந் திகதி ஒரு காட்சி அரங்கேறியிருந்தது. அலுவலக மாடிகளை இரவில் துப்புரவு செய்யும் தொழிலாளர், மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தோர் அவர்களிற் பெரும்பாலோர், சங்க உரிமை கேட்டு ஊர்வலம் போயினர். பொலிசார் அவர்களைத் தடிகளால் அடித்துச் சிதறடித்தனர். ஆனால் அவர்கள் பணியவில்லை. சங்கத்தை ஏற்கும் ஒப்பந்தத்தை வென்றெடுத்தனர். எவரைப் பாலத்தின் கீழும் எல்லைக் கோட்டிலும் குழியருகிலும் தனித்தனியே நின்றிடப் பாடகர் கண்டாரோ, அவர்களின் சகோதரரே இவர்கள். டொம் ஜோட் ஆவியாக அலைய வேண்டியிருக்கவில்லை. கையில் விளக்குமாற்றுடன் அந்நகர வீதியிலேயே அவன் நடந்துகொண்டிருந்தான்.

என் கருத்தில் இக்குறையின் வேர் அவர் தேர்ந்த உருவத்திலேயே கிடக்கிறது. ஆரவாரத்திலிருந்து சொல்லைக் காப்பதற்காக அவர் தனிமையை நாடினார். அது சரியான முடிவே. அம்முடிவில்லாமல் அந்தக் குழியையும் அந்த ஊதுலையையும் நாம் கண்டிருக்க மாட்டோம். ஆனால் ஒற்றைக் கிற்றாரோடு அமர்ந்தவரின் கண்ணுக்கு ஒற்றை மனிதரே தென்பட்டனர். கூற்று என்னும் உத்தி ஒருவனின் உள்ளத்தைத் திறக்க வல்லது. பலர் கூடி எடுக்கும் ஒரு முடிவைச் சொல்ல அது எளிதில் இடங்கொடாது. உருவத்தின் தனிமை மெல்ல உள்ளடக்கத்திலும் கசிந்துவிட்டது. றேகன் வாயில் விழுந்த பாடலில் உருவம் உள்ளடக்கத்தை விழுங்கிற்று. இங்கே அதனைக் காத்தவாறே ஒடுக்கிற்று.

இதன் பிற்கால வரலாறும் கவனத்துக்குரியது. 1997இல் 'றேஜ் அகெயின்ஸ்ற் த மெஷின்' என்னும் இளைஞர் குழு, 'டொம் ஜோட்டின் ஆவி'யை ஆவேசமான கிற்றார் முழக்கத்தோடு பாடி வெளியிட்டது. ஸ்பிறிங்ஸ்டீனும் 1999இல் தம் பழைய குழுவோடு மீண்டும் புறப்பட்டு, 'யங்ஸ்டவுண்' பாடலை முழு வாத்திய பலத்தோடு மேடையேற்றினார். 2006இல், பீற் சீகர் பாடிப் பரப்பிய மக்கட் பாடல்களைப் பெருங்குழு ஒன்றோடு கூடியிருந்து பாடி வெளியிட்டார். 2014இல் வந்த இசைத்தட்டில், அந்த இளைஞர் குழுவின் கிற்றார்க் கலைஞர் டொம் மொறெலோவும் அவரும் மாறி மாறி டொம் ஜோட்டின் பாடலைப் பாடினர். தனிமையிற் செதுக்கப்பட்ட சொற்கள் மீண்டும் பலர் வாய்க்கு வந்தன. இம்முறை அச்சொற்களைக் கொடிப் பாட்டாக எவரும் திரிக்க முடியவில்லை. தனிமை அவற்றுக்கு அந்தக் கூர்மையைக் கொடுத்திருந்தது.

ஆதலின், தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். கூட்டத்தை விட்டுத் தனித்துப் பாடுவது தன்னளவில் துரோகமுமன்று, உண்மையின் அடையாளமுமன்று. சொல் மழுங்கிப்போன வேளையில் அதனைத் தீட்டிக்கொள்ளக் கலைஞன் தனிமையை நாடலாம், நாடத்தான் வேண்டும். ஆனால் அத்தனிமையில் அவன் காண்பது தனித்துத் தோற்றவர்களை மட்டுமே என்றால், அவனது அனுதாபம் எத்துணை ஆழமானதாயினும் அவன் கண்டது பாதி உண்மையே. மற்றப் பாதியை யங்ஸ்டவுணின் தொழிலாளரும் கல்வஸ்ரனின் மீனவரும் லொஸ் ஏஞ்சல்ஸின் துப்புரவுத் தொழிலாளரும் தம் செயலாலே எழுதி வைத்திருக்கின்றனர். அதனைப் பாடும் இசைத்தட்டு இனித்தான் வரவேண்டும். அது வரும்வரை, இப்பன்னிரண்டு பாடல்களையும் நன்றியோடு கேட்போம். கேட்கும்போது அவற்றிலே விடுபட்டவர்களையும் நினைவிற் கொள்வோம்.